ரெஜினா அக்கா கையை இறக்கவில்லை

மறைமலை நகரில் எங்கள் ஆலை வாசலில் இருக்கும் தொலைபேசிக்குத்தான் செய்தி வந்தது. "ரெஜினா அக்கா போயிட்டாங்கப்பா. ஹார்ட் அட்டாக்." சரி என்று வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பள்ளியில் வரலாறு நடத்தியவர். தாம்பரத்தில் எங்கள் அறிவியல் மன்றத்துக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அதற்காக நான் சண்டை போடுவேன். "ஃபார்முலா வந்துட்டான், கடிகாரத்தோட" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ரயில் விபத்து ஒன்றைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார். வளைவுக்கு அப்பால் பழுதாகி நின்ற சரக்கு வண்டி மீது, மழையில் ஒரு பயணிகள் வண்டி மோதிய விபத்து. பயணிகள் வண்டியின் டிரைவரும் இறந்துபோனார். அவர் தூங்கிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. ரயில்வே காலனியில் இருந்த அவர் மகள் சரோஜா, மண்டப வாசலிலேயே அக்காவை மறித்தார்.

"எங்கப்பா பேரு உங்க வாயில வரக்கூடாது. வந்துச்சு, மேடை ஏறிடுவேன். இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க."

நான் விடவில்லை. "டிரைவர் வேகமா வந்ததை மறைக்காதீங்க அக்கா. கணக்கு கணக்குதான்" என்றேன்.

"ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காருங்க" என்றார் அக்கா.

பேச்சின் நடுவில் வலது கையை உயர்த்தினார். "சரக்கு வண்டியைப் பார்த்துட்டார். பிரேக் போட்டுட்டார். சக்கரத் தேய்மானத்தை வெச்சு விசாரணையிலேயே ஒத்துக்கிட்ட விஷயம். வண்டி நிக்கிற வரைக்கும் என் கை மேலயே இருக்கும்."

அந்த நேரத்தை நான்தான் கணக்கிட்டுக் கொடுத்திருந்தேன். தாளில் அது சின்ன எண். மண்டபத்தில் அது முடியவே இல்லை. சரோஜா நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தார்.

பின்னாலிருந்து ஒருவர், "இன்னா டீச்சர், இன்னுமா நிக்கல?"

"இன்னும் ஓடுது."

நான் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். "இப்ப மோதிடுச்சு" என்றார். கை இறங்கவில்லை. "நிக்க இன்னும் தூரம் வேணும். அவருக்கு அது கிடைக்கல." வண்டி நின்றிருக்க வேண்டிய நேரம் வந்து, நான் மறுபடி தலையசைத்த பிறகே இறக்கினார். அதே மூச்சில், "வளைவுல கொஞ்சம் வேகமாத்தான் வந்தார். அதையும் மறைக்க மாட்டேன்" என்றார்.

சரோஜா எழுந்தார். தடுக்க நானும் எழுந்தேன். அவர் மேடை ஏறவில்லை.

"அப்ப... எங்கப்பா தூங்கலையா?"

"தூங்குறவர் பிரேக் போட மாட்டார், சரோஜா."

சரோஜா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? தூங்குமூஞ்சி பொண்ணுன்னு கூப்ட்டவங்கல்லாம் கேட்டுக்கினீங்களா?" பிறகு அக்காவிடம், "எங்கப்பா பேரைச் சொல்லுங்க. நல்லா சத்தமா."

"டிரைவர் தேவராஜ்" என்றார் அக்கா.

நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்த வேகத்தைப் பற்றி சரோஜா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அன்று வீடு திரும்பும்போது அக்கா சொன்னார்: "தப்பு யாருதுன்னு அப்புறம் கேளு. முதல்ல கை எங்க இருந்துச்சுன்னு கேளு."

போன மாதம் எங்கள் ஆலையில் ஒருவருக்குத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் விரல் நசுங்கியது. "யாருய்யா தப்பு?" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டே வந்தார். "முதல்ல அவர் கை எங்க இருந்துச்சுன்னு பார்ப்போம் சார்" என்றேன்.

அது என் கேள்வி இல்லை. அக்காவிடம் வாங்கியது. திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை. நானே வைத்துக்கொள்கிறேன்.