மஞ்சள் நோட்டீஸ் மஞ்சளாக இருக்காது

திவாலானவரை ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார்’ என்று ஊரே சொல்கிறது. ஆனால் கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிற நான் டைப் செய்த திவால் மனுக்கள் அத்தனையும் வெள்ளைத்தாளில்தான். மனு எழுதுவது, கோர்ட்டில் தாக்கல் செய்வது, யார் எப்போது திவாலானார் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பழைய பதிவேட்டைத் தேடிக் கொடுப்பது, இதுதான் என் வேலை. நகல் பிரிவு ஜன்னலில் கால் கடுக்க நின்று, ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு என் பாடு தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பதினாலாவது பெயர்

தொண்டாமுத்தூர் நாச்சிமுத்து தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துத் தேங்காய் வியாபாரம் செய்தவர். இரண்டு வருடம் தொடர்ந்து யானை இறங்கித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. மூன்றாவது வருடம் காய் விலை படுத்துவிட்டது. மனு போட வந்தபோது, கடன் கொடுத்தவர்கள் பட்டியலைப் பள்ளிக்கூட நோட்டில் அழகாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். பதிமூன்று பெயர். உரக்கடைக்காரர் முதல் லாரிக்காரர் வரை ஒருவரையும் விடவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவிதான், “பொள்ளாச்சிக்காரி நகை?” என்று மெல்லக் கேட்டார். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த தங்கை, தோப்புக் குத்தகைக்காகத் தன் நகையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை.

எங்கள் வக்கீல் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒரு பெயரை மறைத்தாலும் நாளைக்கு மனுவே அடிபட்டுப் போகும், தங்கையானாலும் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்றார். கோர்ட் நோட்டீஸைத் தபால்காரர் கொண்டுபோய் நீட்டுவதற்கு முன்னால், தானே பொள்ளாச்சிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதற்கு நாச்சிமுத்து இரண்டு நாள் கேட்டார். போய்விட்டு வந்தார். தங்கை என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினாலாவதாக அவள் பெயரை நான் டைப் செய்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடியபடி சொன்னார்:

“எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டுமுங்க அம்மணி. ஆனா அவகிட்ட மட்டும் நான் திவால் ஆகலீங்க.”

இன்னொரு சின்னச்சாமி

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் வழக்கு வந்து நிற்கும். யாருடைய வழக்கு என்பதுதான் தெரியாது. அன்னூர்ப் பக்கத்தில் பால் கறந்து ஊற்றுகிற சின்னச்சாமி, இரண்டு மாடு வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தார். வங்கிக்காரர்கள் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். திவால் மனு போட்ட சின்னச்சாமி ஒருவர் வந்து நின்றார். அதே இனிஷியல். கடன் நின்றுபோனது. ஊருக்குள் விஷயம் கசிந்து, தீவனக்கடையில் கடனுக்குக் கொடுத்துவந்த சரக்கும் நின்றுபோனது.

அவர் எங்களிடம் வந்ததும், அந்தத் திவால் மனுவின் நகலை வாங்கிப் பார்த்தோம். அந்தச் சின்னச்சாமியின் அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. அவர் விசைத்தறி ஓட்டியவர். இவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று பிரமாணப் பத்திரம் தயார் செய்து, நகலோடு சேர்த்து வங்கிக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் கடன் கிடைத்துவிட்டது. தகவல் சொல்ல வந்தவர் கையோடு ஒரு தூக்குப்போசி நிறையத் தயிர் கொண்டுவந்தார். கிளம்பினவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். இன்னும் என்ன சிக்கலோ என்று எழுந்து போனேன்.

“ஏனுங்க, அந்தச் சின்னச்சாமி இப்ப எப்படி இருக்காருங்க?”

சம்பந்தம் பேச வந்தவர்

கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்ப்பார்கள். சிலர் எங்களையும் பார்ப்பார்கள். பெருந்துறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெண்ணுக்குக் கோயமுத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அப்பா ஒரு காலத்தில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். நேரில் கேட்டால் மரியாதை இல்லை, கேட்காவிட்டால் தூக்கம் இல்லை. பழைய வழக்கு என்பதால் கம்ப்யூட்டரில் வராது. பதிவேட்டைத் தேட மனுப் போட்டு, நாலு நாள் அலைந்தேன்.

இருந்தது. மோட்டார் பம்ப் செய்து நொடித்தவர் என்று திவால் உத்தரவே ஆகியிருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் கையால் நிறுத்தப் போகிறேனே என்றிருந்தது. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பு இருந்தது. ஆறு வருடம் கழித்து, எல்லாக் கடனும் முழுசாகக் கட்டப்பட்டதால் அந்த உத்தரவு ரத்து. நகலை வாங்கிப் பெரியவரிடம் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“குடுக்க வக்கில்லைன்னு கோர்ட்டே சொல்லிப்போட்டதுக்கப்புறம் குடுத்திருக்காருங்க. இந்த ஊட்டுக்குப் புள்ளையக் குடுக்கலாமுங்க.”

ஆட்டோவில் வந்த தையல் மிஷின்

சிங்காநல்லூர் ராஜாமணி அக்கா ரவிக்கை தைக்கிறவர். வீட்டுக்காரர் வைத்தியத்துக்கு வாங்கிய கடன் வட்டியில் ஊதி, மனு போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டது. விசாரணை அன்று கோர்ட் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து அக்கா இறங்கினார். பின்னாலேயே டிரைவர் ஒரு கைத் தையல் மிஷினை மார்போடு அணைத்து இறக்கினார். திவாலானவர் உள்ளதையெல்லாம் கோர்ட்டில் ரிசீவர் என்கிற அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து, புது ஊசி மாட்டிக் கொண்டுவந்திருந்தார்.

உழைத்துப் பிழைக்கிற கருவியை யாரும் எடுக்க முடியாது, சட்டமே விட்டுவைத்திருக்கிறது என்று வக்கீல் சொன்னார். அக்காவுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வழக்கைக் கூப்பிட நேரமிருந்தது. வக்கீலின் கறுப்பு அங்கி தோள்பட்டையில் பிரிந்து தொங்குவது அக்கா கண்ணில் பட்டது. வராண்டாவிலேயே உட்கார்ந்து, மிஷினை மடியோரம் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் தைத்துக் கொடுத்துவிட்டார். வக்கீல் பர்ஸை எடுக்கவும், அக்கா ரகசியமாக என்னைக் கேட்டார்:

“இதுக்குக் காசு வாங்குனா, அதையும் ரிசீவர் எடுத்துக்குவாருங்களா?”

மூன்றாம் பக்கம்

தங்கமணி வந்தது மனு போட அல்ல, ஆளைத் தேட. அவர் கணவர் வால்வு உதிரிபாகம் லேத்தில் கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஆர்டர் நின்று, வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கவும், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. போன் அணைந்தே கிடந்தது. தங்கமணி ஒரு மில் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து, பத்தாவது படிக்கிற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியிருக்க, கடன் கொடுத்த ஒருவர் போனில் கூப்பிட்டு, ‘உங்க வீட்டுக்காரர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார், எனக்குக் கோர்ட்டிலிருந்து வந்திருக்கு’ என்று சத்தம் போட்டிருக்கிறார். மற்றவர்களாக இருந்தால் இடிந்து போயிருப்பார்கள். தங்கமணிக்கோ, மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் முதலில் காதில் விழுந்திருக்கிறது. அந்த நோட்டீஸைக் காட்டச் சொல்லிக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவருக்கும் பாக்கிதானே.

கம்ப்யூட்டரில் தேடி வழக்கு எண்ணை எடுத்தேன். நகலுக்கு மனுப் போட்டேன். ஒன்பது நாள் கழித்து நகல் வந்தது. முதல் பக்கத்திலேயே விலாசம் இருந்தது, மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டி. மூட்டை தூக்குகிறார் என்று தொழில் பத்தியில் எழுதியிருந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், தங்கமணி பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘என் மனைவியும் பள்ளியில் படிக்கும் மகளும் என்னுடைய ஆதரவில்தான் வாழ்கிறார்கள்.’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்றரை வருடமாக ஒரு வார்த்தை இல்லை, ஆதரவாம். தங்கமணி அந்த வரியின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டுப் போனார்.

அடுத்த மாதம் அந்த வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, நான் வேறு வேலையாகக் கோர்ட்டில் இருந்தேன். வராண்டா பெஞ்சில் தங்கமணியும் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் இளைத்துக் கறுத்திருந்தார். தோளில் மூட்டை தூக்கிக் காய்த்த தழும்பு, விலகியிருந்த காலருக்கு வெளியே தெரிந்தது. நான் யாரென்று தங்கமணி சொன்னதும் எழுந்து கும்பிட்டாரே தவிர, தலையை நிமிர்த்தவில்லை. இப்போது ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று தங்கமணி சொன்னார். எப்படிக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டேன். கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே தங்கமணி சொன்னார்:

“கோர்ட்டுல எழுதிக் குடுத்தது பொய்யாப் போகக்கூடாதில்லீங்களா. அதான் கையோட கூட்டிட்டு வந்துட்டேனுங்க.”

கையில் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டவர்களின் காசில்தான் இருபத்திரண்டு வருடமாக என் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை, எந்தப் படிவத்தில் எந்தப் பத்தியில் எழுதுவதென்று எங்கள் வக்கீலுக்கும் தெரியவில்லை.