மூன்று வாரம் வராத சீட்டு

ஆஸ்பத்திரி லிப்டை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவருக்கு அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர் மேல்மாடி. "என்ன மேல்மாடி, இன்னைக்கு எத்தன தடவ பரலோகத்துக்குப் பக்கத்துல போயிட்டு வந்தீங்க?" என்று மருந்து கொடுக்கிறவர் தினமும் கேட்பார். "அஞ்சாவது மாடியோட கம்பி தீந்துபோகுதே சார்" என்று இவரும் தினமும் சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கும் வயசாகிவிட்டது, ஆனாலும் விடவில்லை.

பழைய லிப்ட். மடக்கு கம்பிக்கதவு, உள்ளே ஒரு முக்காலி, திருப்புவதற்கு ஒரு பித்தளைப் பிடி. ஒரு ஸ்ட்ரெச்சர், அதைத் தள்ளுகிறவர், கூடவே அழுகிறவர் இரண்டு பேர், அதற்கு மேல் இடம் இல்லை. ஆள் இல்லாமல் காலியாக மேலே போகிற நேரம் மட்டும்தான் அவருடையது. அந்த நேரத்தில் அவர் ஜெபித்தார். "ஆண்டவரே, என் மகள் மனந்திரும்பி, நல்ல சுகத்தோடே வீடு வந்து சேரும்படி தயவு செய்யும்." நிதானமாக மூன்று தடவை சொன்னால் ஐந்தாவது மாடி வந்துவிடும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது லிப்ட் காலியாகப் போகும். ஒன்பது வருடம். கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை.

ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் விரும்பியவனை இவருக்குப் பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று இவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பையோடு அவள் வாசலில் நின்றபோது, "இந்தப் படியத் தாண்டுனா எனக்கு மகளே இல்ல" என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தாண்டினாள். சாயங்காலம் வந்துவிடுவாள் என்று இவர் வீறாப்பாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை. அவளுடைய போன் எண் செல்லாமல் போனது, போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. குழந்தை பிறந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அதையும் உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை.

சபையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டு. வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போட்டால் ஆராதனையில் வாசித்து எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். மேல்மாடி ஒவ்வொரு ஞாயிறும் லிப்டில் சொன்ன அதே வரியை எழுதிப் போடுவார். வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போய் நாலு வருடம், சபைக்கு வர முடியாது. "என் சீட்டையும் சேத்துப் போட்டுருங்க" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி அனுப்புவாள். அவளுக்கும் வேண்டியது அது ஒன்றுதானே, அதனால் ஒரே சீட்டுதான் போகும்.

சீட்டுகளைப் பிரிப்பது சபைச் செயலர். கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதுவும் தேங்கிக் கிடந்தால் அவருக்கு ஆகாது. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாராவாரம் வந்துகொண்டிருந்த சீட்டு தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால், கேட்டது கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அதை நன்றிப் பட்டியலில் சேர்த்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. மகனுக்கு வேலை கிடைத்த அன்றோடு சீட்டு நின்றுவிடும், நன்றி எழுத மட்டும் ஒருத்தருக்கும் பேனா கிடைக்காது. பத்துக்கு ஒன்பது தடவை அவர் வழக்கம் சரியாகத்தான் இருந்தது.

மேல்மாடியின் ஜெபம் நின்றது ஒரு புதன்கிழமை. அன்று காலை ஒரு தாய் லிப்டில் மகனோடு மேலே போனாள். கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடியும் வாய்விட்டு வேண்டினாள். இவரும் மனதுக்குள் ஆமென் சொன்னார். மத்தியானம் அவளைக் கீழே கொண்டுவந்ததும் இவர்தான். அவள் கையில் பையனுடைய செருப்பு மட்டும் இருந்தது. இப்படி எத்தனையோ பேரை இறக்கிவிட்டவர், அன்றைக்கு முக்காலியில் உட்கார முடியாமல் நின்றார். அடுத்து லிப்ட் காலியாகப் போனபோது வாய் தன்பாட்டுக்கு அந்த வரியைச் சொல்லத் தொடங்கியது. சொல்லிக்கொண்டே மகள் முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. மூக்கு எப்படி இருக்கும், சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழும், ஒன்றுமே வரவில்லை. யாருக்காகக் கேட்கிறோம் என்பதே தெரியாமல் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று வெறுத்துப்போனது. வாயை மூடிக்கொண்டார். அந்த ஞாயிறு பெட்டியைத் தாண்டி நேரே உள்ளே போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே. வீட்டில் மூச்சு விடவில்லை. "போட்டீங்களா?" என்று கேட்டால் "ம்" என்பார்.

நாலாவது ஞாயிறு செயலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றிப் பட்டியலை வாசித்தார். "ஒன்பது வருஷமா ஜெபிச்சிட்டு வந்த நம்ம லிப்ட் அண்ணனோட மகளைக் கர்த்தர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததுக்காக ஸ்தோத்திரம்."

மேல்மாடி நிமிர்ந்து செயலரைப் பார்த்தார். சபையில் எல்லாருக்கும் அந்த வழக்கம் தெரியும், இவருக்கும் தெரியும். தெரிந்தும் தன் சீட்டுக்கு அது நடக்கும் என்று தோன்றவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் தோளை அணைத்தார். பின்வரிசையில் ஒரு அம்மா அழவே தொடங்கிவிட்டாள். போதகர் முகமெல்லாம் மலர, "அண்ணே, முன்னால வாங்க. ரெண்டே வார்த்த சாட்சி சொல்லுங்க" என்றார்.

எழுந்து போனார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். 'வரல, நான்தான் கேக்குறத விட்டுட்டேன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மூச்சுப் பிடித்தால் சொல்லிவிடலாம். ஆனால் எதிரே இருநூறு முகம், அதில் இன்னும் எதையோ கேட்டுக் காத்துக்கொண்டிருக்கிற முகங்களும் உண்டு. அவர்கள் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஸ்தோத்திரம்" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோழைத்தனத்துக்கும் அந்த ஒரு வார்த்தை தாராளமாகப் போதும்.

ஆராதனை முடிந்ததும் கை குலுக்கினவர்களிடமிருந்து தப்பித்து வெளியே வர அரைமணி நேரமானது. அதற்குள் சபைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டம்மா போன் போட்டுச் செய்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

கதவு விரியத் திறந்திருந்தது. கூட்டிய தரையில் ஈரம் காயவில்லை. மகளுடைய கட்டிலில் இத்தனை வருடமாகக் கிடந்த மூட்டை முடிச்செல்லாம் தரைக்கு வந்து, மேலே வெளுத்த விரிப்பு போட்டிருந்தது. முழங்கால் மடங்காதவள் இதையெல்லாம் எப்படிச் செய்தாளோ. சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் ஓரம் கருக வறுத்த முட்டை, மகள் அப்படித்தான் சாப்பிடுவாள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் ஆற வைத்திருந்தது. பேரப்பிள்ளைக்கு.

வீட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். இவருடைய தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"பின்னால வர்றாளா? ஆட்டோவா?"

"வரல."

"சாயங்காலமா வர்றா?"

"வரவே இல்ல. செயலர் தப்பா வாசிச்சிட்டாரு."

அவள் இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சாட்சி சொன்னீங்கன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாளே."

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. வாசற்படியிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். செருப்பு ஏந்திய தாய், முகம் நினைவுக்கு வராதது, பெட்டியைத் தாண்டிப் போனது, மூன்று வாரம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் மெதுவாக நடந்துபோய் மூன்றாவது தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டுட்டிருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா தூங்கினேன்" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த மூணு வாரமும் நான் கேட்டிருப்பேன்ல. இப்ப யாருமே கேக்காம கிடந்திருக்காளே எம்பொண்ணு."

பாலில் ஆடை படிந்தது. மேசையில் இருந்ததை யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை மருந்து கொடுக்கிறவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மேல்மாடி கம்பிக்கதவைச் சாத்தினார். லிப்ட் காலி. பிடியைத் திருப்பினார். "ஆண்டவரே, என் மகள்" என்று தொடங்கியவர் 'மனந்திரும்பி' என்ற இடத்தில் நிறுத்தினார். வாசலில் பையோடு நின்றவளா மனந்திரும்ப வேண்டும்? அந்த வார்த்தையை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார். நம்பிக்கை ஒன்றும் திரும்பிவிடவில்லை. ஆண்டவர் காதில் விழுகிறதா என்று முன்பு தெரிந்த அளவுகூட இப்போது தெரியவில்லை. ஆனாலும் அவளுக்காகக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

வரி சின்னதாகிவிட்டதால் மூன்று தடவையும் நாலாவது மாடியிலேயே முடிந்துவிட்டது. இன்னும் ஒரு மாடி மிச்சம் இருந்தது. அந்த ஒரு மாடிக்கு அவர் ஆண்டவரிடம் பேசவில்லை. "அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா, பாப்பா" என்று கம்பிக்கதவைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது மாடியில் ஒரு ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. கதவைத் திறந்துவிட்டார்.