மரத்துப்போன பாதமும் துரையின் மோட்டார் சைக்கிளும்

சமையலறைத் தரையில் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. குங்குமம் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நகர்ந்தேன். கோடு அடுப்பு வரை போய், திரும்பி, என் காலடியில் வந்து நின்றது. வலக்கால் மெட்டி வீங்கிய விரலுக்குள் புதைந்து சதையை அறுத்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

வலித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். வலிக்காததுதான் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ரப்பர்த் தோட்டத்துத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்தவர். வேலையை விட்ட பிறகு நாங்கள் ஜொகூரில் லாயாங் லாயாங் ரயில் ஸ்டேசன் பக்கம் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அவர் மெல்லிய அரம் கொண்டு மெட்டியை அறுத்தெடுத்தார். புருசன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றக் கூடாது என்று நான் அழுதேன். "நான்தானே கழட்டுறேன், வேற யாரு" என்றார். அதற்குமேல் அழ முடியவில்லை.

இதை எழுதுவது என்னைப் போலக் கால் மரத்து, வீங்கி, யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்காக. நான் மூன்றாம் வகுப்புதான் படித்தேன். எனக்கு நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ரயிலேறி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் கேட்பதை, யாழ்ப்பாணத்துக்காரரான டிரெசர் (டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுத்துக் கட்டுப்போடுபவர்) தமிழில் சொன்னார். என் கண்ணை மூடச் சொல்லி, ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுத் "தெரியுதோ அம்மா?" என்று கேட்டார்கள்.

அந்நிய ஆண்கள் இரண்டு பேர் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் விட்டால் போதும் என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் "தெரியுது ஐயா" என்றேன்.

"அம்மா, இப்ப நான் தொடவே இல்லையே" என்றார் டிரெசர்.

கண்ணைத் திறந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டியிருந்தார். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைப் பரீட்சை பண்ண வரேல்லை அம்மா. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றார் டிரெசர். அதன் பிறகு இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்த பிறகுதான் முதல் முறையாகத் தெரிந்தது.

நோயின் பெயர் பெரிபெரி (தவிட்டில் உள்ள சத்து உடம்பில் குறைந்து, நரம்பும் இருதயமும் தளர்ந்துபோவது). டாக்டருக்கு ஆச்சரியம். அந்த நோய் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிடுகிற ஆட்களுக்குத்தான் வருமாம். புழுங்கலரிசி தின்னும் தமிழாட்களிடம் அவர் அதிகம் பார்த்ததில்லையாம். என்ன அரிசி சமைக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் புழுங்கலரிசி என்றார். அவருக்கு அது உண்மை. எனக்கு வேறு உலை.

என் மகள் ராசம்மாள் பத்து பாகாட்டில் இருக்கிறாள். மருமகன் அங்கே ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணமாகிப் பல வருசம் பிள்ளையில்லை. அவள் வயிறு திறக்கும்வரை ஒரு வேளை பச்சரிசிச் சோறும் புளித்தண்ணியும்தான் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தும் நான் விடவில்லை. பிள்ளை நல்லபடியாகக் கையில் வரட்டும் என்று நீட்டிக்கொண்டே போனேன்.

ஊரில் என் அம்மாவும் பெரியம்மாவும் இப்படி விரதம் இருந்தார்கள். ஒருவருக்கும் கால் மரக்கவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது உரலில் குத்திய பச்சரிசி. இங்கே கடையில் கிடைப்பது ஆலையில் தீட்டித் தீட்டி முத்தாக்கிய சயாம் அரிசி. அதையும் நான் சுத்தம் என்று தண்ணீர் தெளியும்வரை கழுவிக் கழுவிச் சமைத்தேன். விரதத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தோம், அரிசி மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, முறித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிரெசர் "விரதத்தை விடச் சொல்லேல்லை அம்மா. அரிசியை மாத்துங்கோ" என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒரு அம்மா நெல்லைக் கையால் குத்துவார். தவிடு போகாத அந்த அரிசியை வாங்கினோம். கூடவே பச்சைப்பயற்றுக் கஞ்சி, அது மருந்தாகவே. அம்மனிடம் சொல்லிவிட்டுக் குடித்தேன்.

வீக்கம் சீக்கிரம் வடிந்தது. மூச்சு வாங்குவது நின்றது. காலுக்கு மட்டும் பொறுமை வேண்டும் என்றார்கள், நரம்பு அவசரப்படாதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதத்தைக் கண்ணால் பார்த்து வைத்தால்தான் தரை எங்கே இருக்கிறது என்று தெரியும். படியேறச் சொன்னால் முடியாது.

அப்போதுதான் பத்து பாகாட்டிலிருந்து மருமகன் வந்தார். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் என்னையே ஒருவர் பார்க்க வேண்டிய நிலையில் மகளை எப்படி அழைப்பது? அங்கேயே பிள்ளை பெறட்டும் என்று முடிவாயிற்று. "அம்மா பக்கத்துல இருந்தா போதும்னு சொல்றா" என்றார் மருமகன். பத்து பாகாட்டுக்கு ரயில் கிடையாது. குளுவாங் போய்ப் பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ் படி என் முழங்கால் உயரம்.

வீட்டுக்காரர் மறுநாள் தோட்டத்துப் பக்கம் போய் வந்து, கை கழுவிக்கொண்டே சொன்னார். ரப்பர் விலை விழுந்துவிட்டதால், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புகிறாராம். அவருடைய பெரிய மோட்டார் சைக்கிளை விற்கப் போகிறாராம், பக்கத்தில் மாட்டிய சைடுகாரோடு (ஒற்றைச் சக்கரம் வைத்த, ஒருவர் உட்காரும் தொட்டி). வாங்கலாமா என்று என்னைக் கேட்டார்.

காசு எங்கிருந்து என்று இங்கே எழுதப்போவதில்லை. இருந்தது. இல்லாதது தைரியம்தான்.

அந்த வண்டியைப் பல வருசமாகப் பிரித்துப் பூட்டியவர் என் வீட்டுக்காரர்தான். பழுது பார்த்துத் தோட்டத்து வாசல்வரை ஓட்டிப் பார்ப்பார், அங்கிருந்து துரை ஏறிக்கொண்டு போய்விடுவார். வாசலுக்கு அப்பால் அவர் அதை ஓட்டியதே இல்லை. அந்த ஆசை எனக்குத் தெரியும். அவரும் மறைக்கவில்லை.

வேண்டாம் என்பதற்குக் காரணம் நிறைய இருந்தது. அவருக்கு அறுபது நெருங்குகிறது. மழை பெய்தால் செம்மண் ரோடு சோப்பு மாதிரி வழுக்கும். வழியில் நின்றுபோனால் தள்ள என் காலால் ஆகாது. "மாமாவுக்கு இது வேணாம் அத்தை. சாஞ்சா எழுப்பி நிறுத்தவே ரெண்டு ஆள் வேணும்" என்றார் மருமகன். தப்பாகச் சொல்லவில்லை.

அடுத்த வீட்டு அஞ்சலை வேறு மாதிரி சொன்னாள். "நீங்க போங்கக்கா. சாமி ஊர்வலம் மாதிரி போவீங்க, நாங்க வாசல்ல தேங்காய் ஒடைக்கிறோம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதுதான் எனக்கு முள். கடைத்தெருவில் ஆண்கள் நின்றால் சுற்றுவழியில் போகிற ஆள் நான். மூடாத தொட்டியில் உட்கார்ந்து ஊர் முழுக்க என்னைப் பார்க்கும்படி போவதா? இருதயம் தாங்குமா என்று வெளியே சொன்னேன். உள்ளே பயந்தது இதற்குத்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வீட்டுக்காரர் வெளியே நிற்கையில் டிரெசரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னார்: "நடக்கிறதுக்குத்தான் அவசரப்பட வேண்டாமாம். குந்தியிருந்து போறதுக்குத் தடையில்லை. ஆனால் களைச்சால் நிப்பாட்டச் சொல்ல வேணும். வெக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது." கடைசி வரி டாக்டருடையதா அவருடையதா என்று நான் கேட்கவில்லை.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. வாடகைக் கார் வைத்து ஒரு தடவை போய் வந்துவிடலாமே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போயிட்டு வந்து?" என்றார். "மறுபடி இந்தப் பாயிலதான உக்காருவ?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ சொல்லு. வேணாம்னா நான் அந்தப் பக்கமே போகல."

இத்தனை வருசத்தில் இப்படி ஒன்றை முழுசாக என் கையில் கொடுத்ததில்லை. சோறு என்ன, குழம்பு என்ன என்று கேட்டிருக்கிறார். இது வேறு. சாக்குச் சொல்லித் தப்பிக்க எனக்கும் இடமில்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மாட்டு வண்டியில் தோட்டத்துக்குப் போனோம். ஆலைக் கொட்டகையில் வண்டி நின்றது. நான் நினைத்ததைவிடப் பெரிது. அவர் என்னைத் தூக்கி வைக்கவில்லை. தொட்டி விளிம்பில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். பஸ் படியைவிட இது சுலபம். காலடியில் பலகை. பாதம் பலகையில் இருக்கிறதா என்று வழக்கம்போல் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அவர் இஞ்சினை உதைத்துக் கிளப்பினார். கொட்டகை அதிர்ந்தது. தொட்டி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, பாதத்தில் ஏதோ.

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். "பயந்துட்டியா?" என்றார். இல்லை, மறுபடி கிளப்புங்கள் என்றேன். கிளப்பினார். காதில் கேட்பதைக் காலில் என்று நினைக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. முந்தானையால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டேன். கண்ணையும் மூடினேன். இடது பாதம் முழுவதும், வலது பாதத்தில் குதிகால் மட்டும், தேன்கூட்டின் மேல் வைத்ததுபோல் உர்ரென்று இருந்தது. இருட்டில் எனக்கு மறுபடி பாதம் இருந்தது.

வண்டி என்னைக் குணப்படுத்தியது என்று எழுதினால் பொய். கஞ்சியும் அரிசியும் குணப்படுத்திக்கொண்டிருந்தன, வண்டி அதைக் காட்டிக்கொடுத்தது. மெத்தென்று தொட்டால் தெரியாத நரம்புக்குப் பெரிய அதிர்ச்சி முதலில் எட்டும் என்று டிரெசர் பிற்பாடு சொன்னார்.

இஞ்சின் அடங்கியதும் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்குங்க" என்றேன். "ஆனா கடைத்தெரு வழியா வேணாம்."

வறண்ட நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். தலையில் துண்டைக் கட்டி, சேலையை இழுத்துச் சொருகி உட்கார்ந்தேன். வாசலில் அஞ்சலை உண்மையாகவே தேங்காயோடு நின்றாள். உடைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வழியில் இரண்டு தடவை நான் கை காட்டினேன், இரண்டு தடவையும் நிறுத்தினார். ஆயர் ஹீத்தாம் ஊரில் கடைக்காரச் சீனன் கோப்பியைத் தொட்டிக்கே கொண்டுவந்து கொடுத்தான். கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தது என்னை இல்லை, வண்டியை. இது தெரிந்திருந்தால் எத்தனை சுற்றுவழி மிச்சமாகியிருக்கும்.

ராசம்மாள் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருமகன் என்னை வாங்க என்று சொல்வதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிள்ளை பிறக்கும்போது நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண் குழந்தை. விரதத்தை அங்கேயே முடித்தேன். காலை நீட்டி அதில் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்ட மருத்துவச்சி என்னை விடவில்லை. தண்ணீரின் சூடு என் காலுக்குத் தெரியாது. அதனால் அவள் காலில் குழந்தை, என் கையில் செம்பு. எனக்கு அதில் குறையில்லை.

இப்போதும் வலக்கால் விரல்களுக்கு உணர்ச்சி வரவில்லை. வராது என்றே நினைக்கிறேன். படுக்கப் போகும் முன் அவற்றை விளக்கில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன், முள் ஏறியிருந்தாலும் எனக்குத் தெரியாதே. மற்ற இடமெல்லாம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டே ரோடு சொல்வேன். செம்மண் ரோடு சொரசொரவென்று வரும், தார் ரோடு வழவழப்பாக வரும், மரப்பாலம் குதிகாலில் தட்டும்.

முன்பு என் நாள் அடுப்பில் தொடங்கி அடுப்பில் முடிந்தது. படுத்திருந்த காலத்தில் காலைக்கு வற்றி மாலைக்கு ஏறும் வீக்கம்தான் கடிகாரம். இனி எத்தனை வருசம் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வியை நாங்கள் தீர்க்கவில்லை. கேட்பதுதான் குறைந்துபோயிற்று.

நேற்று அவர் வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, தெப்ராவ் பக்கம் ரோடு நன்றாகப் போட்டிருக்கிறார்களாம், அப்படியே ஜொகூர் பாரு போய்க் கடலைப் பார்க்கலாமா என்றார். ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடியில் காய்ந்த சேலையை எடுத்து மடித்தபடி, காலையில் கிளம்புவதா, வெயில் தாழ்ந்தா என்று மட்டும் கேட்டேன்.