காய்ச்சல் விட்ட காலை

அறுபதுகளில் ஒரு தடவை சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து கடலூருக்குத் திரும்பியதும், என் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. பயத்தில் எனக்கு அதைவிட ஜாஸ்தியாக அடித்தது. அவள் நெற்றியைத் தொடுவேன், ஒப்பிட்டுப் பார்க்க என் நெற்றியையும் தொடுவேன். இரண்டும் கொதிப்பதாகவே படும்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் கட்டி, காற்றடித்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். கழற்றியபோது முழங்கைக்குக் கீழே பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"டெங்கு மாதிரி தெரியுது பாய். காய்ச்சல் அடிக்கிறப்ப பயப்படாதீங்க. விடுறப்பதான் பாக்கணும். வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுனு ஆச்சுன்னா ஒடனே தூக்கிட்டு வந்துடுங்க."

சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு வந்து, எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். காய்ச்சல் இருந்தவரை பயந்து செத்தேன். ஒரு காலையில் உடம்பு குளிர்ந்ததும், தெருவுக்கே கேட்க அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, வெந்நீர் போட வைத்தேன். காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவதுதானே எங்கள் வீடுகளில் வழக்கம்.

மனைவி குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், காலு ஐஸா இருக்கு. வயிறு வலிக்குதுங்குறா."

"காய்ச்சல் விட்டா சில்லுனுதான் இருக்கும். தூக்கு, தண்ணி ஆறிடும்."

"டாக்டரு என்னா சொன்னாரு?"

அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"புள்ளைய குடுங்க. சொம்பு எதுக்கு?" என்று நர்சம்மா கேட்ட பிறகே, கையில் குளிக்கிற சொம்பும் வந்திருப்பது தெரிந்தது.

நாடி பார்த்த டாக்டர் முகம் சரியாக இல்லை. சலைன் ஏற்றினார். "ஒண்ணுக்குப் போனா சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எதுவும் சொல்றதுக்கில்ல" என்றார்.

மனைவி பாதத்தை விடவில்லை. நான் சொம்பை விடவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் குழந்தை முனகினாள்.

"அத்தா, ஒண்ணுக்கு வருது."

சொம்புக்கு வேலை வந்தது. சர்பத் கொண்டுபோகிறவன் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே டாக்டரிடம் போனேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "போதும் பாய், தேறிடுவா. கொஞ்சம் தள்ளிப் புடிங்க."

திரும்பி வந்தபோது மனைவி சொன்னாள், "காலு சூடாவுது மச்சான்." பிறகு என் கையைப் பார்த்தாள். "அந்தச் சொம்பு மட்டும் வூட்டுக்கு வரக்கூடாது."