சத்தத்தைக் கூட்டச் சொன்ன அக்கா

எண்பதுகளின் முற்பகுதி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த கடைசிக் காலம். நீலகிரியில் தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீஷியன். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

இப்போது என் மகன் கிரைண்ட்கோர் என்று ஒரு இசை கேட்கிறான். பாடுகிறவன் தொண்டையைக் கிழித்துக்கொள்வான், டிரம்ஸ் அடிக்கிறவனுக்குப் பேய் பிடித்திருக்கும், நாம் சாய்ந்து உட்காருவதற்குள் பாட்டே முடிந்துவிடும். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்கிறான். அட போடா! இதற்கு அப்பன் வகையை நான் அந்த லயத்திலேயே கேட்டவன். ஊட்டி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு டேப்ரிக்கார்டரைச் சரிசெய்து கொடுத்தேன். சந்தோஷத்தில் ஒரு கேசட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

ஏன் பிடித்தது என்று கேட்டால், ஃபேக்டரியில் நாளெல்லாம் மெஷின் இரைச்சல், அதற்கு மேல் மேலதிகாரியின் வசவு. திருப்பிப் பேசினால் வேலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவேன். கேசட்டைப் போட்டால், நான் கத்த வேண்டியதையெல்லாம் எவனோ ஒருவன் எனக்காகக் கத்துவான். ஒரு வார்த்தை புரியாது. லயமே என்னைத் திட்டித் தீர்த்தது.

அடுத்த அறையில் இலங்கையிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்த மகனுக்கு மட்டும் இந்தியா வருவதற்கான பேப்பர் வரவில்லை. "நீங்க முன்னால போங்கம்மா, நான் பொறகு வாரேன்" என்று கப்பலேற்றி விட்டிருக்கிறான். அதற்குள் அங்கே கலவரம் மூண்டது. தோட்டத்து லயங்களைக் கொளுத்துகிறார்கள் என்று சேதி வந்தது. மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்தாலே அவருக்கு ஆத்திரம் வரும். "எம்புள்ள செத்தா போயிட்டான்? வாசல்ல வந்து மூக்கச் சிந்தாதீங்க!" என்று விரட்டுவார். உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் அவன் ஆயுசு போய்விடும் என்று அவருக்குப் பயம். மாதக்கணக்கில் அவர் கண்ணில் ஒரு சொட்டு நீரை யாரும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழை. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வந்து கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"கொறச்சுப் போடறேனுங்க அக்கா."

"கொறைக்க வாணாம் தம்பி. இன்னும் கூட்டுங்க."

சொல்லிவிட்டுப் போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுச் சத்தத்தில் வைத்தேன். அந்தப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு மூச்சு நேரம் இடைவெளி வரும். முதல் இடைவெளியிலேயே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. அழுதால்தானே ஒப்பாரி? அவர் அழவில்லை, பெயர் சொல்லவில்லை, லயத்தில் வேறு யார் காதிலும் விழாமல் வெறுமனே கத்திக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து அவர் வந்து தலையாட்டினால் போதும், கேசட்டைப் போட்டுவிடுவேன். பாட்டு முடிகிற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். இடைவெளி வரும்போது அவர் குரல் வெளியே கேட்காமலிருக்கச் சுத்தியலால் தகர டின்னைத் தட்டுவேன். "இவனுக்கு முத்திப் போச்சு" என்று லயத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிறகு ஒரு நாள் காலையில், இலங்கையில் அவர்களோடு அதே தோட்டத்தில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்தார். அக்கா பிளேன் டீ போட்டுக் கொடுத்தார். அவர் அதைக் குடிக்கவில்லை.

"நான்தாங்க அக்கா தூக்கிக்கிட்டுப் போனேன். பொதைச்ச எடத்துல ஒரு கல்லு வச்சிருக்கேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ஓடிப்போய் டேப்ரிக்கார்டரை முழுச் சத்தத்தில் போட்டேன்.

அவரே என் அறைக்குள் வந்தார். பட்டனைத் தேடினார், தெரியவில்லை.

"நிப்பாட்டுங்க தம்பி. இந்த ஓட்டம் ஓடுதே, இதுல எம்புள்ள பேரச் சொல்ல ஏது எடம்?"

நிறுத்தினேன். என் அறை வாசலிலேயே உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொரு வரியும் மூச்சு முட்டும் நீளம். அவனைக் கொழுந்து பறிக்கும் மலையில் பெற்றது, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தது, தங்களைக் கப்பலேற்றிவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் போனது. அவர் விரட்டிவிட்ட பெண்களெல்லாம் ஒவ்வொருவராக வந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். பொழுது சாயும்வரை அது முடியவில்லை. கையில் சுத்தியலோடு நின்றிருந்த எனக்கு அங்கே தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட அந்தக் கேசட்டைக் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அந்த இசை பிடிக்கும். கோபம் தலைக்கேறும் நாளில் மகனிடமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் எங்காவது சாவு விழுந்தால், எந்தப் பாட்டுப் பெட்டி ஓடினாலும் முதலில் போய் அதை நிறுத்துகிறவன் நானாகத்தான் இருக்கிறேன். பெயரைச் சொல்லி அழ யாருக்காவது இடம் வேண்டியிருக்குமே.