காகிதத் திரியை மணந்து பார்த்த காலம்

பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம். கண்ணைத் திறந்ததும் நான் கண்டது, பல் வைத்தியரின் மூக்குக்கு நேரே இடுக்கியில் நின்ற ஒரு காகிதத் திரி. ஊசியளவு மெல்லியது. அதை என் கடைவாய்ப்பல்லின் வேருக்குள் விட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்திருந்தார்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது அவருடைய கிளினிக். ரயில் போகும்போது வாய் கொப்பளிக்கும் கிளாஸ் நடுங்கும். அது கடக்கும்வரை ட்ரில்லை நிறுத்தி வைப்பார். அந்தப் பல்லுக்கு முன்பே வேறோர் இடத்தில் ரூட் கனால் செய்து, உள்ளே கிருமி மிஞ்சி, மறுபடி வீங்கியிருந்தது. "இனியும் பழுதானா பிடுங்கத்தான் வேணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேர் சுத்தமாகிவிட்டதா என்று அறிய அவர் நம்பியது மூக்கைத்தான். திரி நாறினால் மருந்து வைத்து ஒரு கிழமை தள்ளிப்போடுவார், நாறாவிட்டால் அடைத்துவிடுவார். இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று.

"ஒண்டும் மணக்கேல்லை. இண்டைக்கு அடைக்கலாம்."

அதற்குப் பிறகு கொரோனாக் காய்ச்சலில் கிடந்து எழுந்து, அவர் கிளினிக்கைத் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய உதவியாளர் மலைநாட்டுப் பெண். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவர். தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"சேர், காலையில பால் அடிப்பிடிச்சு ரூம் பூரா பொகை. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

வைத்தியர் திரியை மறுபடி மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு இடுக்கியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"அப்ப நீர் மணந்து பாரும்."

முகக்கவசத்தை இறக்கி மணந்தவர், சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஐயோ சேர், கருவாட்டுச் சட்டி!"

"மரியாதையாக் கதையும். ஆள் முழிச்சுக்கொண்டெல்லோ கிடக்கிறார்."

வாயில் ரப்பர் விரித்திருந்ததால் என் பக்க நியாயத்தைச் சொல்ல வழியில்லை. மறுபடி மருந்து வைத்தார்.

அடுத்த கிழமை அந்தப் பெண்தான் முதலில் மணந்தார்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"ரெண்டு தடவ பாத்தேன் சேர். ஒண்ணுமில்ல."

அப்படியும் வைத்தியர் திரியை வாங்கித் தன் மூக்கருகே ஒருமுறை பிடித்தார். பழக்கம். அன்றே பல்லை அடைத்தார்.

அந்தக் கிளினிக் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. வைத்தியர் மகளோடு கனடாவில் இருக்கிறார். சென்ற மாதம் மனைவியின் பல்லுக்காக நுகேகொடைக்குப் போனோம். அங்குள்ள இளம் வைத்தியர் திரியைச் சிறு குழாயில் போட்டு ஒரு கருவிக்குள் வைத்தார். கிருமி மிச்சமிருக்கிறதா என்று சில நிமிடங்களில் திரை காட்டியது. யாரும் முகக்கவசத்தை இறக்கவில்லை. முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. அறை அமைதியாக இருந்தது. எனக்குப் பழைய கிளினிக்கின் கராம்புத் தைல வாசமும், அந்த இருவரின் வாய்ச்சண்டையும் வேண்டியிருந்தன.

போன கையோடு என் பழைய பல்லையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வேரைச் சுற்றி, கிருமி அரிக்காமல், எலும்பு முழுதாக இருந்தது.