கண்டல் பட்டை

வேலணைக் கரையில் எங்கள் ஊர்ப் பெண்கள் நட்ட கண்டல் கன்றுகளை இன்று எண்ணினேன். அறுபதில் பத்தொன்பதின் பட்டையை ஆடுகள் கடித்து உரித்திருந்தன. அந்தக் காயங்களிலிருந்து எழுந்த துவர் மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

எனக்கு ஏழு வயதில் எங்கள் முற்றம் முழுக்க அந்த மணம்தான். நூல் வலை உப்பில் உக்காமல் இருக்க, ஐயா கண்டல் பட்டையைப் பீப்பாயில் அவித்துச் சாயம் போடுவார். சிவந்த நுரை பொங்கும். சோற்றிலும் அது மணக்கும். எண்ணத் தெரிந்தவன் என்று என்னையும் மரங்களிடம் கூட்டிப் போவார். நான் தொட்டு எண்ணிய மரத்தை அவர் சுற்றிவர உரிப்பார்.

"ஒரு பக்கமெண்டாலும் விடுங்கோவன், மரம் பட்டுப்போகும்" என்றார் அம்மா.

"கரை முழுக்க மரம்தானே" என்று ஐயா சிரித்தார். நானும் சிரித்தேன். நான் எண்ணியவை இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு வருடத்தில் அத்தனையும் பட்டு விறகாயின. நினைக்க என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"ஆர் அண்ணை இந்தக் கரையை மொட்டையாக்கினது?" கன்று நடும் ரெஜினா இன்று கேட்டாள்.

"நாங்கள்தான். ஐயா உரிச்சவர், நான் எண்ணினனான்."

அவள் ஒரு கட்டு முள்ளை என் கையில் தந்தாள்.

"எண்ணினது போதும். இனி ஆடு வராமல் வேலியை அடையுங்கோ."